சங்கீதங்களில் தேவனுடைய உடன்படிக்கையும் இரட்சிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பிலும், வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்திலும், வாட்ஸ்அப்பிலும் சங்கீதங்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். வசனங்களை நம் சபைகளில் வழக்கமாக வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படையானவை, போகப்போகக் கடினமாகும். அவசரமாக இருப்பவர்கள் 7, 8ஆம் கேள்விகள் இரண்டையும் மட்டுமாவது படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வருகிறது.

1. உடன்படிக்கைன்னா என்ன பிரதர்? தேவன் வாக்குக் கொடுத்தார்னு சொன்னா போதாதா?

வாக்குக் கொடுத்துவிட்டு அந்த வாக்குக்குத் தன்னையே பிணையாக வைத்தால் அதுதான் உடன்படிக்கை. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆபிராம் ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் நடுவாகப் பிளந்து துண்டுகளை எதிரெதிராக வைக்கிறான். அந்தக் காலத்தில் உடன்படிக்கை பண்ணுகிறவர்கள் இந்தத் துண்டுகளின் நடுவே நடந்துபோவார்கள். "வார்த்தை தவறினால் இந்தக் கதி எனக்கு வரட்டும்" என்று அர்த்தம். எரேமியா 34:18லும் இதே வழக்கம் வருகிறது.

ஆனால் ஆதியாகமத்தில் ஆபிராம் நடக்கவே இல்லை. அவனை அயர்ந்த நித்திரை பிடித்திருக்கிறது. இருட்டினபிறகு புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் அந்தத் துண்டுகளின் நடுவே கடந்துபோகின்றன. அதாவது தேவன் மட்டும் நடக்கிறார், உடன்படிக்கை முறிந்தால் வருகிற சாபத்தையும் சேர்த்துத் தம்மேல் போட்டுக்கொண்டு நடக்கிறார். சங்கீதக்காரர்கள் "உமது உடன்படிக்கையை நினைத்தருளும்" என்று அவ்வளவு உரிமையோடு கேட்பதற்கு அடித்தளம் இந்த ராத்திரியில் விழுந்தது.

2. சங்கீதத்துல எந்த உடன்படிக்கையைப் பத்திப் பேசுறாங்க? ஆபிரகாமோடதா, மோசேயோடதா, தாவீதோடதா?

மூன்றும் வருகின்றன. ஆபிரகாமுக்கு இட்ட ஆணை சங்கீதம் 105ல். சீனாய் மலையில் ஜனங்கள் ஏற்றுக்கொண்டு பிறகு மீறினது 78லும் 106லும். தாவீதின் வீட்டுக்குக் கொடுத்த வாக்கு 89லும் 132லும்.

105ஐயும் 106ஐயும் ஒரே மூச்சில் வாசியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். அடுத்தடுத்து இருக்கிற இரண்டு சங்கீதங்கள், ஏறக்குறைய ஒரே சரித்திரம். 105 அதைத் தேவன் செய்ததாகச் சொல்லிக்கொண்டே போகிறது: அழைத்தார், காத்தார், காடையும் அப்பமும் கொடுத்தார், கன்மலையைத் திறந்தார். பொன் கன்றுக்குட்டி அதில் இல்லை, முறுமுறுப்பும் இல்லை. 106க்கு வந்தால் கன்றுக்குட்டி, பாகால்பேயோர், மேரிபாவின் தண்ணீர், கடைசியில் சொந்தப் பிள்ளைகளையே பலியிட்டது வரை ஒன்றுவிடாமல் இருக்கிறது. அவ்வளவையும் சொல்லிவிட்டு 45ஆம் வசனத்தில், அவர் தம்முடைய உடன்படிக்கையை நினைத்தார் என்று வருகிறது. ஜனங்கள் நினைத்தார்கள் என்று அல்ல. அவர்கள் மறந்தார்கள் என்று அதே சங்கீதம் 13லும் 21லும் வெளிப்படையாகச் சொல்கிறது.

3. 'கிருபையும் உண்மையும்'னு ஜோடியாவே வருதே, ஏதாவது காரணம் இருக்கா?

இருக்கிறது. அந்த ஜோடி யாத்திராகமம் 34:6லிருந்து வருகிறது. இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியைச் செய்து, மோசே கற்பலகைகளை உடைத்து, எல்லாம் முடிந்துபோனது என்கிற நிலையில் கர்த்தர் மலையின்மேல் இறங்கித் தம்முடைய நாமத்தைத் தாமே கூறுகிறார். இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் மகா தயையும் சத்தியமும் உள்ள தேவன் என்று. ஜனங்கள் நன்றாக நடந்த நாளில் சொன்ன வார்த்தை இல்லை இது, உடன்படிக்கை எழுதின பலகை நொறுங்கினபிறகு சொன்னது. சங்கீதம் 86:15, 103:8, 145:8 மூன்றும் இதைத்தான் திருப்பிச் சொல்கின்றன. யோவான் தன் சுவிசேஷத்தின் ஆரம்பத்தில் வார்த்தையானவர் "கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய்" நம்மிடையே வாசம்பண்ணினார் என்று எழுதும்போது இதே ஜோடியைத்தான் எடுக்கிறார்.

சங்கீதம் 136ல் 26 வசனம், 26 தடவை "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருவதும் இதனால்தான். படைப்பு, செங்கடல், சீகோன் ராஜா, ஓகு ராஜா, கடைசியில் தினசரி ஆகாரம். பெரிய அற்புதமும் ராத்திரிச் சாப்பாடும் ஒரே பல்லவியில் வருகின்றன.

4. சங்கீதத்துல இரட்சிப்புன்னா பரலோகம் போறதா? நம்ம சபையில சொல்ற அர்த்தம்தானா?

முதலில் அந்த அர்த்தம் இல்லை. தாவீது "என்னை இரட்சியும்" என்று கத்தும்போது அவனைத் துரத்துகிற ஆட்கள் நிஜமாகவே பின்னால் வருகிறார்கள். வியாதி, பஞ்சம், பொய்ச் சாட்சி, யுத்தம், குழி, இதிலிருந்தெல்லாம் விடுவிப்பதுதான் பெரும்பாலான சங்கீதங்களில் இரட்சிப்பு. இதைக் குறைவாக நினைக்கக் கூடாது. தேவன் உடம்பையும் ஊரையும் நியாயத்தையும் பற்றிக் கவலைப்படுகிறவர் என்று இதிலிருந்துதான் தெரிகிறது.

ஆனால் சில சங்கீதங்கள் அதற்கும் கீழே தோண்டுகின்றன. 130ஐப் பாடினவன் ஆழங்களிலிருந்து கூப்பிடுகிறான், ஆனால் சத்துருவின் பேரே அதில் இல்லை. அவனுக்கு இருக்கிற பயம் அக்கிரமத்தைப் பற்றி: நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால் யார் நிலைநிற்பான் என்று கேட்கிறான். அதனால் முடிவிலும், இஸ்ரவேலை "அதின் சகல அக்கிரமங்களினின்றும்" மீட்டுக்கொள்வார் என்று சொல்கிறான். 49:15 பாதாளத்தின் வல்லமையிலிருந்தே மீட்பைப் பேசுகிறது. சத்துருவின் கை, பாவம், மரணம் என்று சங்கீதங்களுக்குள்ளேயே இரட்சிப்பு ஆழமாகிக்கொண்டு போகிறது. புதிய ஏற்பாடு அந்தப் பாதையிலேயே தொடர்ந்து நடக்கிறது, வேறு பாதை போடவில்லை. அது சரீர உயிர்த்தெழுதல் வரைக்கும் போகிறபடியால், முதல் அர்த்தமும் கைவிடப்படவில்லை.

5. எழுதினவங்களுக்கு இயேசுவையே தெரியாதே! நாமளா கொண்டுபோய் ஒட்டுறோமா?

ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்க வேண்டாம். ஆனால் ஆரம்பித்தது நாம் இல்லை. உயிர்த்தெழுந்த இயேசு தம் சீஷரிடம் மோசேயின் நியாயப்பிரமாணத்திலும் தீர்க்கதரிசிகளின் ஆகமங்களிலும் சங்கீதங்களிலும் தம்மைக்குறித்து எழுதியிருக்கிறது என்று சொன்னார் (லூக்கா 24:44).

பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் எப்படி வாதாடுகிறார் என்று பாருங்கள் (அப்போஸ்தலர் 2). சங்கீதம் 16ல் "உம்முடைய பரிசுத்தவான் அழிவைக் காணவொட்டீர்" என்று இருக்கிறது. பேதுரு சொல்கிறார்: தாவீது மரித்தான், அடக்கம்பண்ணப்பட்டான், அவன் கல்லறை இந்நாள்வரைக்கும் நம்மிடத்தில் இருக்கிறது. எருசலேமில் நின்றுகொண்டு எருசலேம் ஜனங்களிடம் சொல்கிற பேச்சு இது, வேண்டுமானால் யாரும் போய்ப் பார்க்கலாம். அப்படியானால் அந்த வார்த்தை தாவீதோடு முடியவில்லை. அவன் சந்ததியில் ஒருவரைச் சிங்காசனத்தில் வைப்பேன் என்ற ஆணை இருந்ததால் அவன் முன்னறிந்து பாடினான் என்கிறார். உடன்படிக்கையின் ஆணை இருந்ததால்தான் சங்கீதம் தாவீதைத் தாண்டிப் போகிறது. ஒட்டுவதற்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசம் அந்த ஆணைதான்.

6. அப்போ ஒவ்வொரு வரியையும் இயேசு சொன்னதா படிக்கணுமா? 'என் குற்றங்கள்'னு வருதே?

சங்கீதம் 69 இதற்கு நல்ல உதாரணம். 9ஆம் வசனத்தின் பக்திவைராக்கியத்தை யோவான் இயேசுவுக்குச் சொல்கிறார். 21ஆம் வசனத்தின் காடி சிலுவையடியில் வருகிறது. ஆனால் இவற்றுக்கு முன்னாலேயே 5ஆம் வசனம், "என் குற்றங்கள் உமக்கு மறைந்திருக்கவில்லை" என்கிறது! பாவமில்லாதவர் அதை எப்படிச் சொல்வார்?

ஆதிச்சபைப் போதகர் அகஸ்டின் ஒரு வழி காட்டினார்: சங்கீதங்களில் கிறிஸ்து தலையாகவும் பேசுகிறார், தம் சரீரமாகிய சபையின் குரலாகவும் பேசுகிறார். நம் குற்றத்தைத் தம் குற்றம்போல அவர் வாயில் எடுக்கிறார். எனக்கு இது பிடித்த வாசிப்பு. ஆனால் இதை எல்லா வரிக்கும் சூத்திரமாக்க வேண்டாம். பாடினவன் யார், அவனுக்கு என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். அப்புறம் அந்த ஜெபம் கிறிஸ்துவில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள்.

7. எங்க கூட்டத்துல 89ஐ பாதியோட நிறுத்திட்டாங்க. மீதியில என்ன இருக்கு?

37ஆம் வசனத்தோடு நிறுத்தியிருப்பார்கள். பல இடத்தில் அப்படித்தான். "கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன்" என்று ஆரம்பித்து, தாவீதுக்குக் கொடுத்த ஆணை விரிவாக வருகிறது: அவன் சந்ததியை என்றென்றைக்கும் நிலைக்கச் செய்வேன், பிள்ளைகள் வழிதவறினால் மிலாற்றினால் தண்டிப்பேன், ஆனாலும் கிருபையை விலக்கமாட்டேன், "என் உடன்படிக்கையை மீறாமலும், என் உதடுகள் விளம்பினதை மாற்றாமலும் இருப்பேன்". சூரியனும் சந்திரனும் சாட்சி. இதுவரை யாருக்கும் பிரச்சினை இல்லை.

38ல் சங்கீதம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஆனாலும் நீர் எங்களை வெறுத்துத் தள்ளிவிட்டீர். உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர். கிரீடத்தைத் தரையிலே தள்ளினீர். மதில்கள் இடிந்தன, வழியில் போகிறவனெல்லாம் கொள்ளையிடுகிறான், ராஜாவின் வாலிபநாட்கள் குறுகிப்போயின. கவனியுங்கள், "பாபிலோன் செய்தான்" என்று ஒரு வார்த்தைகூட இல்லை, எல்லாம் "நீர், நீர்" என்றுதான். பிறகு அந்தக் கேள்வி: நீர் தாவீதுக்குச் சத்தியம்பண்ணின உமது பூர்வ கிருபைகள் எங்கே? பதில் வரவில்லை. 52ஆம் வசனத்தின் ஸ்தோத்திரமும் ஆமெனும் சங்கீதப் புத்தகத்தின் மூன்றாம் பகுதியை முடிக்கிற வரி. கேள்வி அப்படியே திறந்து கிடக்கிறது.

பாதியில் நிறுத்துவது தேவனைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு எண்ணத்தில் செய்வது. அவருக்கு அந்தக் காவல் தேவையில்லை. இந்தப் புலம்பலைத் தம் ஜனத்தின் பாட்டுப் புத்தகத்தில் வைக்கச் சொன்னவரே அவர்தான். இன்னொன்று: உடன்படிக்கையை நம்பாதவன் "எங்கே?" என்று கேட்கமாட்டான், பேசாமல் போய்விடுவான்.

8. தேவனே ஆணையிட்டு, தேவனே ஒழிச்சுட்டார்னா வாக்கு மாறினது மாதிரிதானே?

அப்படித்தான் தெரிந்தது, பல நூறு வருஷம். இந்தச் சங்கீதத்தைப் பலர் எருசலேமின் வீழ்ச்சியோடு இணைத்து வாசிக்கிறார்கள். கி.மு. 597ல் யோயாக்கீன் ராஜா பாபிலோனுக்குச் சிறையாகப் போனான். வயது 18, எருசலேமில் அரசாண்டது 3 மாதம். வாலிபநாட்கள் குறுகின ராஜா என்றால் அவன்தான் நினைவுக்கு வருகிறான். அதற்குப் பத்துப் பதினோரு வருஷத்தில் ஆலயமும் எரிந்தது. எரேமியா 22ல் கர்த்தர் அவனை (அங்கே கோனியா என்று பேர்) வலதுகை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்கிறார்.

ஆனால் பாபிலோனில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் ஒரு சின்ன விஷயம் பதிந்திருக்கிறது. அரண்மனைக் கிடங்கிலிருந்து யாருக்கு எவ்வளவு எண்ணெய் கொடுத்தோம் என்கிற கணக்கு. அதில் யூதா தேசத்து ராஜா யோயாக்கீனின் பேரும் இருக்கிறது, அவனுடைய 5 மகன்களுக்கும் பங்கு எழுதியிருக்கிறது. இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிரீடம் தரையில், சிங்காசனம் இல்லை, ஆனால் அந்நிய ராஜாவின் கிடங்குக் கணக்கில் தாவீதின் வம்சம் உயிரோடு எண்ணெய் வாங்கிக்கொண்டிருக்கிறது. ராஜாக்களின் புத்தகமும் அவன் சிறையிலிருந்து வெளியே வந்து பாபிலோன் ராஜாவின் சமுகத்தில் போஜனம்பண்ணுவதோடுதான் முடிகிறது. பிறகு ஆகாய் 2:23ல் அவனுடைய பேரன் செருபாபேலைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். கழற்றின அதே மோதிரம்! மத்தேயு 1ல் எகொனியா (யோயாக்கீனுக்கு அங்கே இந்தப் பேர்), செருபாபேல் என்று வாசித்துக்கொண்டே போனால் யோசேப்பு, மரியாள், இயேசு என்று வந்து நிற்கும்.

வெளிப்படுத்தின விசேஷம் 1:5ஐ 89ஓடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 89:27 தாவீதின் ராஜாவை முதற்பேறானவன் என்றும் பூமியின் ராஜாக்களைவிட உயர்ந்தவன் என்றும் சொல்கிறது, 37 உண்மையான சாட்சி என்கிறது. யோவான் இயேசுவை உண்மையுள்ள சாட்சி, மரித்தோரிலிருந்து முதற்பிறந்தவர், பூமியின் ராஜாக்களுக்கு அதிபதி என்று மூன்றும் சேர்த்துக் கூப்பிடுகிறார். நடுவில் நுழைந்த ஒரே புது வார்த்தை "மரித்தோரிலிருந்து". 89 கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. ஆணை தப்பவில்லை, கல்லறை வழியாக வந்தது.

9. ஆனா 132ல 'உன் குமாரர் காத்து நடந்தால்'னு நிபந்தனை இருக்கே. 89ல இல்லையே. எது சரி?

132ல் இரண்டும் அடுத்தடுத்த வசனத்தில் இருக்கின்றன. 11ல் கர்த்தர் ஆணையிட்டார், "அவர் தவறமாட்டார்". 12ல் குமாரர் நடந்தால். 89லும் தண்டனை உண்டு என்று பார்த்தோம். ஆக, சிங்காசனம் தாவீதின் வீட்டைவிட்டுப் போகாது என்பது ஆணை. எந்தக் குமாரன் அதில் உட்கார்ந்து ஆசீர்வாதத்தை அனுபவிப்பான் என்பது கீழ்ப்படிதலைப் பொறுத்தது.

அப்படியானால் ஒரு சிக்கல் வருகிறது. கீழ்ப்படிகிற குமாரன் ஒருவரும் இல்லையென்றால்? எசேக்கியாவும் யோசியாவும்கூட முழுசாகத் தேறவில்லை. ஆணையும் நிபந்தனையும் ஒன்றாக நிறைவேற வேண்டுமானால், தாவீதின் வீட்டிலேயே பிறந்து கடைசிவரை கீழ்ப்படிகிற ஒருவர் வேண்டும். கிறிஸ்தவர்கள் இயேசுவின் கீழ்ப்படிதலைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு இது ஒரு காரணம். நிபந்தனையை ரத்துசெய்யாமல், அதை நிறைவேற்றுகிறவரைத் தேவன் தாமே கொடுத்தார்.

10. சிலுவையில 'ஏன் என்னைக் கைவிட்டீர்'னு கேட்டாரே. சொந்தக் குமாரனையே கைவிட்டவர் நமக்கு உண்மையா இருப்பாரா?

கண்ணில் நீர் வைத்துக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. சங்கீதம் 22ன் முதல் வரி அது, இயேசு அதை நடிப்பாகச் சொல்லவில்லை. அவர் வேதனை நிஜம், அந்த இருட்டு நிஜம். "அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்" என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1ஆம் பதிலில் பிளந்து வைத்த துண்டுகளின் நடுவே நடந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். உடன்படிக்கையை மீறினவர்கள்மேல் வரவேண்டிய சாபம் அவர்மேல் வந்தது, கலாத்தியர் 3:13 அதைத்தான் சொல்கிறது.

அதே சமயம் அந்தச் சங்கீதத்தை முழுவதும் வாசியுங்கள். தலையைத் துலுக்குகிறவர்கள், வஸ்திரத்துக்குச் சீட்டுப்போடுகிறவர்கள் எல்லாரும் சுவிசேஷத்தில் வருகிறார்கள். அப்புறம் 24ஆம் வசனம்: உபத்திரவப்பட்டவனுக்கு அவர் தம் முகத்தை மறைக்கவில்லை, கூப்பிடுகையில் கேட்டருளினார். கடைசி வசனம் பிறக்கப்போகிற ஜனங்களுக்குக்கூட அவருடைய நீதியை அறிவிப்பார்கள் என்று முடிகிறது. எபிரெயர் 2:12 இதே சங்கீதத்தின் 22ஆம் வசனத்தை உயிர்த்தெழுந்தவரின் வாயில் வைக்கிறது. கைவிடப்பட்ட அந்த நேரத்திலும் அவர் "என் தேவனே" என்றுதான் கூப்பிட்டார். பிதா மூன்றாம் நாளில் பதில் சொன்னார்.

11. யூதர்களோட வேதம்தானே இது, அவங்க இப்படிப் படிக்கலையே?

ஆமாம், அவர்கள் இப்படிப் படிக்கவில்லை. சங்கீதம் 22ஐ யூத மரபு எஸ்தர் ராஜாத்தியோடு சேர்த்து வாசித்திருக்கிறது. 110ஐ ஆபிரகாமோடு இணைத்த ரபீமார் உண்டு. அவர்கள் வேதத்தை அறியாமல் சொல்வதாகப் பேசுகிற பேச்சு நமக்கு வேண்டாம். அந்தச் சங்கீதங்களை நமக்குக் காத்துக்கொடுத்தவர்களே அவர்கள்தான்.

வித்தியாசம் ஒரு சம்பவத்தில் இருக்கிறது. இயேசு உயிர்த்தெழுந்தாரா இல்லையா? உயிர்த்தெழுந்தார் என்று நம்புகிறவன் 16ஐயும் 22ஐயும் 89ஐயும் பழையபடி வாசிக்க முடியாது. நம்பாதவனுக்கு நம் வாசிப்பு வலிந்து சொல்வதாகத்தான் தெரியும். அவர்களுடைய தினசரி ஜெபத்தில் தாவீதின் கிளை சீக்கிரம் துளிர்க்கவேண்டும் என்கிற விண்ணப்பம் இன்றும் இருக்கிறது. 89ன் கேள்வியை அவர்கள் இன்னும் தேவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதை மரியாதையோடு பார்க்க வேண்டும்.

12. நாம இஸ்ரவேலர் கிடையாதே. அவங்களுக்குக் கொடுத்ததை நாம எப்படி எடுத்துக்கலாம்?

சங்கீதம் 117. இரண்டே வசனம், 150 சங்கீதங்களிலும் மிகச் சிறியது. ஜாதிகள் எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள் என்கிறது. காரணம் என்ன? "அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது". அந்த "நம்மேல்" இஸ்ரவேல். இஸ்ரவேலுக்கு அவர் உண்மையாக இருந்ததை வைத்து ஜாதிகள் ஏன் பாடவேண்டும்? பவுல் ரோமர் 15ல் இந்த வசனத்தை எடுத்து விளக்குகிறார்: பிதாக்களுக்குப் பண்ணின வாக்குத்தத்தங்களை உறுதியாக்கக் கிறிஸ்து வந்தார், அதனாலேயே புறஜாதியாரும் இரக்கம் பெற்று தேவனை மகிமைப்படுத்துகிறார்கள். ஆபிரகாமுக்குச் சொன்னதிலேயே பூமியின் வம்சங்களெல்லாம் உண்டே.

ஆகவே இஸ்ரவேலைத் தள்ளிவிட்டு நம்மைப் பிடித்துக்கொண்டார் என்று யாராவது பிரசங்கித்தால் பயப்படுங்கள். அப்படி ஒரு ஜனத்தை விட்டுவிடுகிறவர் நம்மையும் விடலாம். தேவனுடைய வரங்களும் அழைப்பும் மாறாதவைகள் என்று ரோமர் 11:29 சொல்வது நமக்கும் சேர்த்துத்தான்.

13. புது வருஷ ஆராதனையில எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை சங்கீதம் 91. வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிதான். வசனம் பொய்யா?

வசனம் பொய்யில்லை. அட்டை எடுப்பதும் பாவமில்லை, அதைப் பிடித்துக்கொண்டு ஜெபித்து ஆறுதல் அடைந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வரியை மட்டும் கிழித்து எடுத்து அதை நம் வருஷத்துக்கு எழுதிக்கொடுத்த பத்திரமாக ஆக்கும்போது கோளாறு வருகிறது. சங்கீதம் 91ஐ இப்படி வரி பிரித்து உபயோகித்தது சாத்தான் (மத்தேயு 4:6). தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள், தாழக் குதியும் என்றான். இயேசு குதிக்கவில்லை. அதே சங்கீதத்தின் 15ஆம் வசனம் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறது. ஆபத்து வரும் என்று அந்த வசனமே ஒத்துக்கொள்கிறதே.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து 91ஐச் சொல்லிக்கொண்டிருந்த உங்களை அவர் விடவில்லை. உடன்படிக்கையில் அவர் கட்டுப்பட்டது உங்களைக் கடைசிவரை தமக்குரியவராக வைத்துக்கொள்வதற்கு. சுகம் தருகிற நாளும் உண்டு, தராத நாளும் உண்டு. தராததற்கு உங்கள் விசுவாசக்குறைவுதான் காரணம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

14. நான் ஒரு தப்பும் பண்ணலையே, அப்புறம் ஏன்?

சங்கீதம் 44ஐ வாசியுங்கள். இதெல்லாம் வந்தும் உம்மை மறக்கவில்லை, உடன்படிக்கைக்குத் துரோகம்பண்ணவில்லை என்று தைரியமாகவே சொல்கிறார்கள். தேவன் அவர்களைத் திருத்தவில்லை. "ஏன் நித்திரைபண்ணுகிறீர்" என்றுகூடக் கேட்கிறார்கள்! அதன் 22ஆம் வசனம், உமதுநிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம் என்பது. பவுல் இதை ரோமர் 8:36ல், கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார் என்று கேட்கிற இடத்தில் நடுவே வைக்கிறார். பாடுகள் அன்பு அற்றுப்போனதற்கு அடையாளம் இல்லை என்பதற்கு அவருக்குக் கிடைத்த சாட்சி புலம்பல் சங்கீதம்.

88 இன்னும் இருட்டு, ஒரு நம்பிக்கை வார்த்தையும் இல்லாமல் முடிகிறது. ஆனால் ஆரம்பம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே". சில நாட்களுக்கு நம்மால் முடிந்த விசுவாசம் அந்தக் கூப்பிடுதல் மட்டும்தான். அது போதும்.

15. நான் விழுந்துட்டேன். 51ல 'உமது பரிசுத்த ஆவியை எடுத்துக்கொள்ளாமலும்'னு தாவீதே பயப்படுறாரே. என் இரட்சிப்பு போயிடுச்சா?

தாவீது சவுலைக் கண்ணால் பார்த்தவன். கர்த்தருடைய ஆவி சவுலைவிட்டு நீங்கினபின் அவன் முன்னால் சுரமண்டலம் வாசித்தவன். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறான் என்று முதல் வசனத்தில் பாருங்கள்: "உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்". தன் பழைய ஊழியத்தையோ கோலியாத்தையோ அவன் பேசவில்லை. பவுல் ரோமர் 4ல் அவனுடைய இன்னொரு சங்கீதத்தை, 32ஐ, எடுத்துத்தான் கிரியையில்லாமல் நீதி எண்ணப்படுகிறதை நிரூபிக்கிறார்.

இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதில் சபைகளுக்குள்ளே கருத்து வேறுபாடு உண்டு, அதை இந்த ஒரு பதிலில் தீர்க்க முடியாது. 2 தீமோத்தேயு 2ல் மறுதலித்தால் மறுதலிப்பார் என்ற எச்சரிக்கையும், நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும் அவர் உண்மையுள்ளவர் என்ற ஆறுதலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மறுதலித்துவிட்டுத் திரும்ப மனமில்லாதவனுக்கு முதலாவது. "போயிடுச்சா" என்று அழுதுகொண்டு கேட்கிற உங்களுக்கு இரண்டாவது. சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், செய்த தப்பால் யாருக்காவது நஷ்டம் வந்திருந்தால் அதைச் சரிசெய்யுங்கள்.

16. குழந்தைகளைக் கன்மலையில மோதணும்னு 137ல இருக்கே, அதையும் நாம பாடணுமா?

பாபிலோன் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்ததைப் பார்த்தவர்கள் எழுதின வரி. அவர்கள் கத்தி எடுக்கவில்லை, தேவன் முன்னால் கொட்டினார்கள். இயேசு சத்துருக்களுக்காக ஜெபிக்கச் சொன்னபிறகு அதை யார்மேலும் பெயர் சொல்லி ஏவ நமக்கு அனுமதி இல்லை. ஆனால் பிள்ளைகளை இழந்தவர்களின் கோபத்தை தேவன் காதுகொடுத்துக் கேட்கிறார் என்பதற்கு அந்தச் சங்கீதம் புத்தகத்தில் இருந்தே ஆகவேண்டும்.

17. இயேசு வந்தாச்சு, 89க்கு பதிலும் வந்தாச்சுன்னா நாம ஏன் இன்னும் 'எதுவரைக்கும் கர்த்தாவே'ன்னு ஜெபிக்கணும்?

பதில் வந்துவிட்டது, முழுவதும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. எபிரெயர் 2ல் சங்கீதம் 8ஐ மேற்கோள் காட்டிவிட்டு, எல்லாம் அவருக்குக் கீழ்ப்படுத்தப்பட்டிருப்பதை இன்னும் காணவில்லை, ஆனால் இயேசுவைக் காண்கிறோம் என்று எழுதியிருக்கிறது. 110லும் பாருங்கள், "என் வலதுபாரிசத்தில் உட்காரும்" என்பது நடந்துவிட்டது, சத்துருக்கள் பாதபடியாவது நடந்துகொண்டிருக்கிறது. புதிய ஏற்பாடு அதிகமாக மேற்கோள் காட்டுகிற சங்கீதம் இதுவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, நாம் வாழ்கிற காலம் அந்த வசனத்தின் நடுவில் இருக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷம் 6:10ல் பரலோகத்தில் பலிபீடத்தின் கீழே இருக்கிற இரத்தசாட்சிகளே "எதுவரைக்கும்" என்று கேட்கிறார்கள். அவர்களைப் பொறுமையில்லாதவர்கள் என்று யாரும் கடிந்துகொள்ளவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் என்று சொல்லப்பட்டது. அவர்களே கேட்கும்போது நாமும் தாராளமாகக் கேட்கலாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 89ஐ எடுத்து, 37ல் நிறுத்தாமல் 52வரை சத்தமாக வாசியுங்கள்.